பட்டணத்துச் சாக்கடையும் பாலைவனத்துப் பட்சிகளும்

கராமா, துபாய்
ஜனவரி மாதம்

பெரியப்பா அவர்களுக்குத் தம்பி மகன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் உங்கள் மருமகளும் குழந்தைகளும் க்ஷேமம். வேதாரண்யத்தில் தங்களுடைய க்ஷேமத்தையும், பெரியம்மாவின் முழங்கால் வலி தேவலையா என்பதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற கடிதத்தில், மணலையும் மாடியையும் தவிர அந்த ஊரில் பகவான் வேறு என்னதான் சிருஷ்டித்திருக்கிறார் என்றும், விடுமுறை நாட்களில் குளிரூட்டிய கடைகளுக்குள்ளேயே பிரதட்சிணம் வருகிற ஜனங்களுக்கு ஆகாயம் என்று ஒன்று இருப்பது ஞாபகத்திலாவது இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாடிகளைப் பொறுத்தவரையில் பகவானுக்குச் சம்பந்தமில்லை. அது கம்பெனிகளின் காரியம். ஆனால் ஆகாயம் இருக்கிறது. அதில் பட்சிகளும் இருக்கின்றன. சனிக்கிழமையும் அதுவுமாக, கோழி கூவுகிற நேரத்துக்கு முன்பே எழுந்து, தலையில் தொப்பியும் கழுத்தில் பைனாகுலருமாக அவற்றைத் தரிசிக்கக் கிளம்புகிற ஒரு கூட்டமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு மணிக்குக்கூட என்னை எழுப்ப முடியாமல் பெரியம்மா செம்புத் தண்ணீரோடு வந்து நின்ற காலத்தை அறிந்த தாங்கள், அந்தக் கூட்டத்தில் நானும் ஓர் அங்கத்தினன் என்றால் நம்ப மாட்டீர்கள். ஆகையால் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் குளிர் தொடங்கியதும் ஆப்பிரிக்காவை நோக்கிப் புறப்படுகிற பறவைகளுக்கு இந்தப் பிரதேசம் ஒரு வழித்தங்கல். இந்த ஐக்கிய அரபு அமீரகத்தில் இதுவரை 450-க்கும் மேற்பட்ட இனங்களைக் கண்டு குறித்திருக்கிறார்கள். மழையே பெய்யாத ஊரில் இத்தனை பட்சிகள் எதை நம்பி இறங்குகின்றன என்று நானும் ஆதியில் யோசித்தேன். இந்த வித்தையில் தலை நரைத்த ஒரு பெரியவர் எனக்குச் செய்த முதல் உபதேசத்திலேயே அதற்கு விடை இருந்தது: “பட்டணத்துக் கழிவுநீர் எந்தத் திசையில் போகிறதோ, அந்தத் திசையில் போ.” இது பரிகாசமன்று, பரம சத்தியம். கடல்நீரைக் காய்ச்சியும் வடித்தும் நன்னீராக்கி, அதில் ஜனங்கள் குளித்துத் துவைத்து, அப்படிப் போன ஜலத்தை மறுபடியும் சுத்திகரித்து, அதைக் கொண்டுதான் இவ்வூர்ச் சாலையோரத்துப் புல்லும் பூவும் மரமும் வளர்கின்றன. வர்சான் என்ற இடத்தில் பட்டணத்துக்கு வேண்டிய புல்தரையை வளர்ப்பதற்காக, இந்த நீரைச் சுழல்பாசனமாகப் பாய்ச்சி வட்ட வட்டமாக வயல் போட்டிருந்தார்கள். கோடீசுவரர்கள் பந்தடிக்கப்போகிற புல் அங்கே வளர்ந்துகொண்டிருக்கையில், அபூர்வமான வலசைப் பறவைகள் அதில் புழு பொறுக்கின. அதனால் அந்த வயல்களுக்கு உலகெங்கிலுமுள்ள பட்சிப் பித்தர்களிடையே பெரும் கியாதி உண்டாயிற்று. பக்கத்து ஷார்ஜாவில் வாசித் என்று ஓர் ஈரநிலம் இருக்கிறது. அது ஒரு காலத்தில் குப்பை கொட்டும் இடமாக இருந்து, சீர்திருத்தப்பட்டு 2015-இல் திறக்கப்பட்டது. அங்குள்ள பார்வையாளர் கூடத்தின் கட்டடக்கலை நேர்த்திக்காக 2019-இல் ஆகா கான் விருதும் கிடைத்தது. மனிதன் வேண்டாமென்று கழித்த நீரையும் நிலத்தையும் பட்சிகள் அங்கீகரித்துக்கொண்டன என்பதே இவ்வூர் இயற்கைச் சரித்திரத்தின் சாராம்சம்.

முதலில் பார்க்க வேண்டியது ராஸ் அல் கோர். துபாய் உப்பங்கழி உள்நாட்டுக்குள் நுழைந்து இயற்கையாக முடிந்த இடத்தில், சுமார் ஆறு சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள சேற்று நிலம். 2007-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுற்றிலும் பெருஞ்சாலைகளில் வாகனங்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்க, பின்னால் 828 மீட்டர் உயரத்துக்கு புர்ஜ் கலீஃபா நின்றுகொண்டிருக்க, நடுவே முழங்கால் ஜலத்தில் நூற்றுக்கணக்கான பூநாரைகள் தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றை அரித்துக்கொண்டிருக்கின்றன. பூநாரையின் செந்நிறம் அது உண்ணும் பாசியிலும் சிறு இறால்களிலும் உள்ள சத்தினால் வருவது. நகராட்சியார் அந்தச் சத்து கலந்த தீனியைத் தங்கள் செலவிலேயே கொடுத்து, வந்த விருந்தாளிகளின் நிறம் மங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். தீனி வரும் வேளைக்குக் கல்யாணப் பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும் சம்பந்திகளைப் போல அவை கூடி நிற்கிற காட்சியைப் பலகைத் தட்டி மறைவுக்குப் பின்னாலிருந்து நாம் பார்க்கலாம். பார்ப்பதற்குக் கட்டணமில்லை. இந்த ஊரில் கட்டணமில்லாத காரியம் ஒன்று உண்டென்று உங்கள் மருமகளிடம் சொன்னபோது அவள் அதை நம்பாமல், கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேதான் உள்ளே வந்தாள். கரையோரம் நிற்கிற அலையாத்தி மரங்கள் நம் முத்துப்பேட்டைக் காட்டில் நிற்கிற அதே இனந்தான்.

பட்டணத்துக்குத் தெற்கே அல் குத்ரா ஏரிகள் இருக்கின்றன. ஏரி என்றதும் கரையும் மதகும் ஐயனார் கோயிலும் மனத்தில் வர வேண்டாம்; மணலைத் தோண்டி மறுசுழற்சி நீரை நிரப்பி, மனிதன் செய்த ஏரி. வாத்துகளுக்கு அந்த பேதம் தெரியவில்லை; வந்து இறங்கிவிட்டன. இதெல்லாம் 2018-இல் அறிவிக்கப்பட்ட மர்மூம் என்ற வேலியில்லாத காப்பகத்தைச் சேர்ந்தது. நீண்ட நேரான கொம்புகளுடன் வெள்ளை வெளேரென்று அரேபிய ஓரிக்ஸ் என்னும் மான் அங்கே சாவதானமாக நடமாடுகிறது. வேட்டையின் மிகுதியால் 1972-இல் வனத்தில் ஒன்றுகூட இல்லாமல் அற்றுப்போன அந்த ஜாதியை, மிருகக்காட்சிசாலைகளில் மிஞ்சியவற்றைக் கொண்டு பெருக்கி, 1982-இல் ஓமானில் மறுபடியும் பாலைவனத்தில் விட்டார்கள். அதற்குப் பின் இந்தப் பக்கத்துக் காப்பகங்களிலும் அவை விருத்தியாயின. ஹத்தா மலைப் பக்கமும் போய்வந்தோம். மலை அழகானதுதான், ஆனால் அங்கே பறவையைவிட ஜனங்கள் அதிகம்.

பட்சிப் பித்தர்களில் இரண்டு மதங்கள் உண்டு. ஒரு மதத்தார் குறிப்புப் புத்தகக்காரர்கள். எத்தனை ஜாதி என்று எழுதிக்கொண்டே போவார்கள். எழுதி முடித்த பறவையை மறுபடி ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். மற்றொரு மதத்தார் பீரங்கி அளவு லென்சுகளைத் தோளில் சுமக்கிற புகைப்படக்காரர்கள். எதிரில் வந்து உட்கார்ந்த பறவையையும், படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணால் பார்ப்பதில்லை. இரு சாராருக்கும் இடையில் பைனாகுலரின் எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்பதை மட்டும் கற்றுக்கொண்டு, புளியோதரைப் பொட்டலத்தோடு நானும் உங்கள் மருமகளும் நிற்கிறோம். மதபேதமின்றி எல்லாரும் எங்களை அணுகுவது அந்தப் பொட்டலத்தின் பொருட்டே என்று அவள் அபிப்பிராயப்படுகிறாள். ஒரு நாள் எங்களை ஏற்றிச் சென்ற டாக்சிக்காரர், பெஷாவர்க்காரர், நெடுநேரம் யோசித்துவிட்டு, “இருட்டில் எழுந்து குருவி பார்க்கப் போகிறீர்களே, இதற்குக் கம்பெனி ஓவர்டைம் தருகிறதா?” என்று மிகுந்த அனுதாபத்தோடு விசாரித்தார்.

மர்மூமில் நடந்த ஒன்றைத் தங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்நாட்டின் தேசிய மரம் காஃப் என்பது. வெகு ஆழத்துக்கு வேர் விட்டு, எந்தக் கோடையிலும் பச்சையாக நிற்பது. ஒட்டகங்கள் எட்டும் உயரம்வரை தழையைத் தின்றுவிடுவதால் அடிப்பாகம் மட்டம் பார்த்துக் கத்தரித்தாற்போல் நேராக இருக்கும். அது வேறொன்றுமில்லை, நம் வேதாரண்யத்து மறைக்காட்டீசுவரர் சந்நிதியின் ஸ்தல விருட்சமாகிய வன்னியேதான். அதைக் கண்டதும் கால் தானாகவே சுற்ற ஆரம்பித்து, நான் மும்முறை பிரதட்சிணம் வந்து நிமிர்ந்தால், எங்கள் கோஷ்டி முழுவதும் மூச்சுக்கூட விடாமல் மரத்தைச் சூழ்ந்துகொண்டு, பைனாகுலர்களை உச்சிக்கிளைக்கு உயர்த்தி நிற்கிறது! நான் ஆந்தை எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று அவர்கள் நிச்சயித்துவிட்டார்கள். விஞ்ஞாபனம் செய்துகொள்ள நான் வாயெடுப்பதற்குள், சாம்பல் நிறக் கீச்சான் ஒன்று மறுபுறத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தது. அன்றைய குறிப்பில் அதைக் கண்ட பெருமை என் பேரில் எழுதப்பட்டிருக்கிறது. மறைக்காட்டீசுவரர் செய்த உபகாரம் என்று எண்ணிச் சும்மா இருந்துவிட்டேன்.

பனங்காடை, கொண்டலாத்தி, கவுதாரி, வயல்வெளியெல்லாம் கூவிக் குடிகெடுக்கிற ஆள்காட்டி ஆகிய நம் பழைய சிநேகிதர்களையும் இங்கே காண்கிறேன். ஆனால் காக்கை விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. நம் ஊர்க் காக்கை கப்பலேறி வந்து, இங்குள்ள பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பெருகிவிட்டதாக அனுபவஸ்தர்கள் குறைபடுகிறார்கள். மைனாவின் பேரிலும் அதே பிராது. அவர்கள் இதைச் சொல்லும்போது சில சமயம் என்னையும் ஒரு பார்வை பார்ப்பதுண்டு. ஆயினும் அமாவாசையன்று மாடித் திண்ணையில் ஒரு பிடி சாதம் வைத்துவிட்டு உங்கள் மருமகள் அழைத்தால் வருவது பூநாரையா? நம் காக்கைதான் வருகிறது. அரபுகள் போற்றுகிற ராஜாளியின் அந்தஸ்தோ தனி: வேட்டைக்குப் பழக்கிய ராஜாளிகளுக்கு இந்த அரசாங்கம் 2002 முதல் தனி பாஸ்போர்ட்டே வழங்கிவருகிறது, சில விமானங்களில் அவை பிரயாணிகளோடு உள்ளேயே உட்கார்ந்து செல்கின்றன. என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க நான் நின்ற வரிசையை நினைத்தால் எனக்கு அந்தப் பட்சியின் பேரில் கொஞ்சம் பொறாமைதான்.

இங்கே இப்படிப் போக விரும்புகிறவர்களுக்கு வழிகாட்ட ஆட்கள் இல்லாமலில்லை. அபுதாபியில் 1977-லேயே எமிரேட்ஸ் இயற்கை வரலாற்றுக் குழு ஏற்பட்டு, கல்லும் செடியும் பூச்சியும் பறவையுமாக ஆராய்ந்து எழுதி வருகிறது. துபாயிலும் அத்தகைய குழு உண்டு. சொற்பொழிவும் வெளிப்பயணமும் நடத்துகிறார்கள். பாண்டித்தியம் ஏதும் கேட்பதில்லை. அதிகாலையில் எழுந்திருக்கும் சக்தி ஒன்றே யோக்கியதாம்சம்.

ஆகையால் தாங்களும் பெரியம்மாவும் அவசியம் ஒரு முறை வந்துபோக வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வாருங்கள். கோடையில் வெயில் 45 டிகிரியையும் தாண்டுவதால், அப்போது பறவை பார்க்கப் போகிறவனைத்தான் மற்றவர்கள் பார்க்க வருவார்கள். பைனாகுலர் என்னிடம் உபரியாக ஒன்று இருக்கிறது. தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிற கண்புரை ஆபரேஷனை மட்டும் தயவுசெய்து இந்த வருஷத்துக்குள் முடித்துக்கொண்டு வாருங்கள்.

தங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும்,
தம்பி மகன்