சேவைக்குக் கெளம்புன பேராண்டிக்கு

வாப்பா பேராண்டி. எம்.பி.ஏ. முடிச்சிட்டியாம், நல்லது. சோப்பு விக்கப் போகமாட்டேன், ஏழை ஜனத்துக்குச் சேவை செய்யப் போறேங்குறியாம். அதுவும் நல்லதுதான். ஆனா சேரும்போதே தலைவராத்தான் சேருவேன்னு நிக்கிறியாமே? 'சோஷியல் இம்பேக்ட் லீடர்'னு கார்டு வேற அடிச்சாச்சாம். என்னத்தப்பா இம்பேக்ட் பண்ணுனன்னு கேட்டா, இனிமேத்தாங்குற. கல்யாணத்துக்கு முன்னாடியே பேரப்பிள்ளைக்குப் பேரு வைக்கிற கூத்தால்ல இருக்கு!

ஒன்னையச் சொல்லிக் குத்தமில்ல. 2013 கம்பெனிச் சட்டத்துல 135-ஆம் பிரிவுன்னு ஒண்ணு போட்டாக. பெரிய கம்பெனிக மூணு வருசத்துச் சராசரி லாபத்துல 2 சதவீதத்தை ஊருக்குச் செலவழிக்கணும். அன்னையிலருந்து தர்மத்துக்கும் பட்ஜெட்டு, கெடு எல்லாம் வந்துருச்சு. மார்ச் மாசம் பொறந்தா ஏழைகளத் தேடி ஆளுக ஓடுறாக. அந்தக் காசுல கம்பெனி தன்னோட நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதத்துக்கு மேல எடுக்கக்கூடாதுன்னு விதி வேற. யாரை நெனச்சு அந்த வேலி கட்டுனாகன்னு நினைக்கிற?

புதுசா யோசிக்கணும், இன்னோவேஷன் வேணுங்குற. தென்னாப்பிரிக்காவுல ஒரு ராட்டினம் பண்ணுனாகப்பா. பிளேபம்ப்னு பேரு. பிள்ளைக சுத்தி விளையாடுனா பூமிக்கடியில கெடக்குற தண்ணி தொட்டிக்கு ஏறிரும். கேக்க இனிக்குதுல்ல? அமெரிக்காக்காரவுகளுக்கும் இனிச்சுச்சு. 2006-ல மேடை போட்டு 1 கோடியே 64 லட்சம் டாலர்னு அறிவிச்சாக. பிள்ளைக சலிச்சுப்போயி எறங்கிட்டா? பொம்பளைகதான் மூச்சு வாங்க ராட்டினத்தைத் தள்ளுனாக. சொன்ன ஜனம் அம்புட்டுக்கும் தண்ணி வேணும்னா ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாடணும்னு கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டுச்சு. ஏம்ப்பா, ஒங்க காலேஜ்ல ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

சரி, உருப்படியா ஒண்ணு கேளு. மதுரை அண்ணா நகர்ல 1976-ல ஒரு வீட்டுக்குள்ள 11 படுக்கை போட்டு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சாக. ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமி சர்க்கார் வேலையில ரிட்டயர் ஆனவுக. மூட்டுவாதத்துல விரலெல்லாம் கோணிப்போன மனுசன். அந்தக் கையாலதான் கண்புரை ஆபரேஷன். இருக்குறவுக குடுக்கட்டும், இல்லாதவுகளுக்கும் அதுல பாப்போம்னாக. அம்புட்டுத்தான் பிசினஸ் பிளான்.

ஊரூருக்கு முகாம் போட்டாக. "ஆபரேஷன் பண்ணணும் ஆத்தா, பைசா வேணாம், வந்துரு"ன்னு சொல்லியனுப்புனா, வந்து சேந்தது கொஞ்சப் பேருதான். ஏன்? ஒன்னையக் கேட்டா 'அவேர்னெஸ் பத்தல'ன்னு கலர்ல ஸ்லைடு போடுவ. அவுக வராத ஜனத்தையே போயிக் கேட்டாக. பஸ்ஸுக்குக் காசில்ல. கண்ணு தெரியாத கெழவிக்குத் துணைக்கு மகன் வரணும், வந்தா அவனுக்கு அன்னைக்குக் கூலி போச்சு. டவுன்ல சோத்துக்கு என்ன பண்றது? கண்ணைத் தோண்டிருவாகளோன்னு பயம் வேற. இலவசத்துக்கு எம்புட்டுச் செலவு பாத்தியா?

அப்புறம் முகாம்லருந்தே பஸ்ஸுல ஏத்திக் கூட்டியாந்தாக. சோறு போட்டாக. கட்டுப் போட்டுத் திருப்பி ஊருல எறக்கிவிட்டாக. ஒரே ஊர்க்காரவுக ஒண்ணா வந்தா ஒருத்தருக்கொருத்தர் துணையாச்சு, பயமும் தெளிஞ்சுச்சு.

அங்கயும் ஒன்னப்போல ஒருத்தர் இருந்தாக. துளசிராஜ்னு பேரு, கல்கத்தா ஐ.ஐ.எம்.ல படிச்சவுக. 1981-ல வந்து நிர்வாகத்தைப் பாத்தாக. டாக்டருக்குப் பக்கத்துல ரெண்டு மேசை. ஒண்ணுல ஆபரேஷன் முடியுமுன்ன அடுத்ததுல ஆளு தயாரா இருக்கணும். டாக்டர் சும்மா நிக்கப்படாது. கூடமாட வேலைக்குக் கிராமத்துப் பொம்பளப் பிள்ளைகளுக்குப் பயிற்சி. வெளிநாட்டு லென்ஸு கைக்கடங்காத விலைன்னு 1992-ல ஆரோலேப்னு ஒண்ணு ஆரம்பிச்சு இங்கயே செஞ்சாக. கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸை ஊறுகா மாதிரி இங்கயே போட முடியுமான்னு அப்பச் சிரிச்சவுகளும் இருப்பாக! மறுவருசமே ஹார்வர்டுக்காரவுக அந்த ஆஸ்பத்திரியைப் பாடமா எழுதுனாக. நீயும் அதைப் படிச்சிருப்ப. பரிச்சைக்கு வராதுன்னு பக்கத்தைப் புரட்டியிருப்ப.

அடுத்த வாரம் பெரிய ஓட்டல்ல வறுமை ஒழிப்புக் கூட்டமாமே? போயிட்டு வா, சாப்பாடு நல்லாருக்கும். யாராச்சும் 'பெனிஃபிஷியரி'ன்னு வாயைத் தொறந்தா, "அந்தம்மா எங்கருந்து எந்த பஸ்ஸுல வருது?"ன்னு மட்டும் கேளு. அடுத்த கூட்டத்துக்கு ஒன்னையக் கூப்பிட மாட்டாக. அன்னைக்குச் சோலி இல்லாமத்தான இருப்ப? ஏதாச்சும் ஒரு முகாமுக்குப் போயி, வர்ற ஜனத்துக்குச் சீட்டெழுதிக் குடு. இம்புட்டுப் படிச்சிருக்க, கையெழுத்தாவது நல்லாருக்கும்ல?