பென்சில் செல்லா, பவர் பேங்கா?

கேள்வி: ஆலங்குளத்திலிருந்து மண்பாதை வழியாகவே குற்றாலம் வரை பைக்கில் போக ஆசை. தனி ஜி.பி.எஸ். கருவி வாங்கணுமா, செல்போன் போதுமா?
– வாசகர், ஆலங்குளம்

பதில்: உங்கள் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றிவர செல்போனே போதும். டவர் போனால் ஜி.பி.எஸ்.ஸும் போய்விடும் என்று பலர் பதறுகிறார்கள். இல்லை! நான்கு செயற்கைக்கோள்கள் தென்பட்டால் இடம் தெரிந்துவிடும். அவை ரீசார்ஜும் கேட்பதில்லை. காணாமல் போவது வரைபடம்தான். ஓஸ்மாண்ட் போன்ற செயலியில் அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதன் அடிப்படை, 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். தன்னார்வலர்கள் வரைவது என்பதால், யாரும் வரையாத வண்டிப்பாதை அதில் இருக்காது; ஆடு மேய்ப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

சாரல் காலத்தில் கதை வேறு. நனைந்த விரலைத் தொடுதிரை மதிக்காது, தனிக் கருவியின் பொத்தான் மதிக்கும். கார்மின் இ-டிரெக்ஸ் வகைகள் சிலவற்றில் பெட்டிக்கடை பென்சில் செல் இரண்டைப் போட்டே ஓட்டலாம்.

ஆனால், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் இன்ரீச் வகை வேண்டாம். வெளிநாட்டு மாமா பரிசளித்தாலும், உரிமமின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம்.

இன்னொன்று: குற்றாலத்து மலைப்பக்கம் காப்புக்காடு. திரையில் கோடு தெரிகிறதே என்று காட்டினால், செக்போஸ்ட்காரர் அனுமதிக் கடிதத்தைத்தான் கேட்பார்.