இன்னும் ஒரு பிடி

மாமாவின் டூல் பெட்டியில் ஒன்றரை அடி ஜி.ஐ. பைப் துண்டு ஒன்று கிடக்கும். குழாய் வேலைக்கல்ல, ஸ்பேனரின் வாலில் செருகுவதற்கு. "கை வலு பத்தாத இடத்துக்கு" என்பார். அப்படியோர் இடம் இதுவரை தென்பட்டதில்லை, ஆனாலும் செருகுவார்.

அவர் மூடிய ஊறுகாய் பாட்டிலை அவர் வந்துதான் திறக்க வேண்டும். வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத மோர்சாதம்தான்.

பார்க்கிங்கில் யாராவது பைக்கின் முன் டிஸ்க்குக்கு பேட் மாற்ற உட்கார்ந்தால் மோப்பம் பிடித்து வந்துவிடுவார். பிஸ்டனை உள்ளே தள்ளுவது, பின்னைத் துடைப்பது, பேடில் கிரீஸ் படாமல் பார்ப்பது எல்லாம் அவருக்குச் சில்லறை வேலை. காலிப்பர் போல்ட்டுக்காகக் காத்திருப்பார். "தள்ளு தம்பி. பிரேக் சமாச்சாரம். லூசா இருந்தா உயிரு போயிடும்." உயிர் என்று சொன்னபிறகு யார் மறுப்பது?

எட்டு மில்லி போல்ட் என்றால் சர்வீஸ் மேனுவல் பெரும்பாலும் 25 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் கேட்கும். கால் மீட்டர் ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ கொடுத்தால் தீர்ந்தது. பைப் செருகி நீளம் அரை மீட்டரானால் அதே 10 கிலோ இரட்டிப்பாகிவிடும். மாமாவோ உடம்பையே சாய்த்துக் கொடுப்பவர்.

தம்பி டார்க் ரெஞ்ச் வாங்கி வைத்திருந்தால் இன்னும் விசேஷம். அளவு வந்ததும் அது 'டிக்' என்னும். மற்றவர்களுக்கு அது "போதும்". மாமாவுக்கு "ஆரம்பிக்கலாம்". "மிஷினுக்கு என்ன தெரியும்?" என்று இன்னும் ஒரு பிடி.

போல்ட் எஃகு, அது ஏறுகிற ஃபோர்க் காலோ அலுமினியம். இறுகிக்கொண்டே வந்தது சட்டென்று கனம் விட்டுச் சுலபமாகச் சுற்றும். மாமா முகம் மலரும்: "பாத்தியா, உக்காந்துடுச்சு!" கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் பள்ளங்களில் அலுமினியச் சுருள் பளபளக்கும். மரை போயிற்று. இனி லேத்துக்காரர் துளையைப் பெரிதாக்கி, கம்பிச்சுருள் வைத்து மரை கட்ட வேண்டும். "இப்பல்லாம் கம்பெனிக்காரன் மெட்டலே சரியா போடறதில்ல" என்று மாமா கைதுடைத்துக்கொள்வார்.

மரை தப்பிய வண்டிகளுக்கு வேறு கண்டம். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை லிவரை நாலைந்து முறை அழுத்திவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். அதில் முறுக்க ஒன்றுமில்லாததால் மாமாவின் கவனத்துக்கு வராது. தம்பி உற்சாகமாகக் கிளம்பி, கேட் அருகே லிவரைப் பிடிப்பான். அது கைப்பிடிவரை சொத்தென்று வரும். இரண்டு செருப்பையும் தரையில் தேய்த்து, வாட்ச்மேன் நாற்காலியில் முட்டி நிற்பான். வாட்ச்மேன் ஏற்கெனவே படியேறியிருப்பார்.

மாமா ஓடி வந்து முன்சக்கரத்தருகே குனிவார்.

"பாரு, போல்ட் இம்மி அசையல!"