மாத்திரை டப்பாவும் மாப்பிள்ளைத் தோழனும்

ஏ பேராண்டி, மூளை வளரணும்னு வைட்டமின் ஏ மாத்திரையை வேளைக்கு ரெண்டா முழுங்குறியாமே? முழுங்கு, முழுங்கு. மருந்துக்கடைக்காரன் மாடி வீடு கட்ட வேணாமா?

மூளைன்னா நரம்பு செல்லு மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டிருக்க. அதுக்குத் தீனி சேக்க, குப்பை அள்ள, நரம்பிழைக்கு மைலின் உறை சுத்தன்னு துணை செல்லுங்க தனியா இருக்கு. உறை சுத்துறவன் பேரு ஒலிகோடென்ட்ரோசைட். அவனும் எடுத்த எடுப்புல வேலைக்காரன் இல்ல. முன்னோடி செல்லா, ஒரு வேலையிலயும் ஒட்டாமத் திரிவான். யாரைச் சொல்றேன்னு புரியுதா? அவன் பொறுப்புக்கு வர்றதுல, உட்கருவுக்குள்ள டிஎன்ஏ மேல குந்தியிருக்கிற ஏற்பிகளுக்குப் பெரிய பங்கு.

வைட்டமின் ஏ, ரெட்டினாயிக் அமிலமா மாறி வந்து ஒட்டுற வரைக்கும் ஏற்பி மரபணுவை அமுக்கிப் பிடிச்சிருக்கும். அமிலம் வந்து பொருந்துனதும், அமுக்குற கூட்டாளிகளை உதறிட்டு, எழுப்பிவிடுற கூட்டாளிகளைச் சேத்துக்கும். அப்புறம்தான் மரபணு வேலை பாக்கும்.

இதுல ஆர்எக்ஸ்ஆர்னு ஒருத்தன், கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் கணக்கா. வைட்டமின் ஏ ஏற்பியோட நிப்பான், வைட்டமின் டி ஏற்பியோட நிப்பான், தைராய்டு ஏற்பியோடயும் ஒட்டிக்குவான். அவன் வகையறாவுல காமாங்கிறவனைத் தூண்டுனா முன்னோடி செல்லு முதிர்ந்து உறை சுத்தும்னு 2011-ல ஆய்வு வந்துச்சு. உறை அழிஞ்ச கிழட்டு எலிக்கு ரெட்டினாயிக் அமிலத்துல ஒரு வகையைக் கொடுத்தாங்க. உறை திரும்ப வளந்துச்சு. கிழடுகளை எளக்காரமாப் பேசாதேன்னு சொன்னா நீ எங்க கேக்குற!

உடனே டப்பாவைத் தொறக்காத. மைலின் உறை அழிஞ்சுபோற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிங்க 52 பேரை வச்சு கேம்பிரிட்ஜ், எடின்பரோவுல சோதனை நடந்துச்சு. பாதிப் பேருக்கு ஆர்எக்ஸ்ஆரைத் தூண்டுற பெக்சரோட்டீன் மருந்து. 2021-ல முடிவு வந்துச்சு. முதல்ல குறிச்சு வச்ச ஸ்கேன் அளவுகோல்ல மருந்து தேறல. ஆனாலும் கண்ணுலேருந்து மூளைக்குப் போற சேதி வேகம் கூடுனதுல, உறை வளர்ந்ததுக்குத் தடயம் கெடச்சுது. பலன் அம்புட்டுத்தான், தொல்லையக் கேளு. மருந்து தின்ன 26 பேருக்கும் தைராய்டு சுரப்பு படுத்துருச்சு. முக்காவாசிக்கு மேல ரத்தத்துல கொழுப்பும் ஏறிருச்சு. ஊரெல்லாம் சிநேகிதம் வச்சிருக்கிறவனை ஒரு காரியத்துக்குக் கூப்புட்டா, ஒம்பது காரியத்துல கைய வப்பான்.

வைட்டமின் ஏ மிஞ்சுனா ஈரல்ல தங்கும், மண்டைக்குள்ள அழுத்தம் ஏத்தும், கர்ப்பிணி வயித்துப் பிள்ளையையும் கெடுக்கும். முருங்கைக் கீரையில வர்ற கரோட்டினை உடம்பு தேவைக்குத் தக்கன மாத்திக்கும். ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாங்க. நீ வயித்துல போடுறதையே அளக்கல. டாக்டர் எழுதிக் கொடுத்தா முழுங்கு. இல்லேன்னா அந்தக் காசைக் கீரைக்காரிகிட்ட கொடு.