‘வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கேன்’: ஒரு வாக்கியத்தின் இலக்கணமும் போக்குவரத்தும்

1. ஆய்வுச் சிக்கல்

கார் வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையோ பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறையோ, எது முந்துகிறதோ அன்று, காரில்லாதவர் ஆகிறார். அன்று அவர் எதில் ஏறினாலும், எங்கே நின்றாலும், எவரைக் கண்டாலும் ஒரு வாக்கியத்தைச் சொல்கிறார்: “வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கேன்.” ஏன் சொல்கிறார் என்பதே இக்கட்டுரையின் வினா. கார் எப்போது திரும்பும் என்பதும் ஒரு வினாதான். ஆனால் அதற்கு “நாலு மணிக்கு மேல கூப்பிடறோம் சார்” என்ற ஒரே விடை எல்லாக் காலத்துக்கும் வகுக்கப்பட்டுவிட்டதால், அத்துறையில் மேலாய்வுக்கு இடமில்லை.

2. களமும் முறையும்

களம் சென்னை. காலம் ஒரு வியாழனும் மறுநாள் வெள்ளியும். ஆய்வாளர் ஒருவர், ஆய்வுக்குட்பட்டவரும் அவரே. வீடு நங்கநல்லூர், அலுவலகம் ராயப்பேட்டை, பணிமனை கிண்டி தொழிற்பேட்டை. அந்தத் தொழிற்பேட்டை 1958இல் தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து அங்கே உற்பத்தியான பொருள்களின் பட்டியலில், காரை விட்டுவிட்டு வாசலில் விழிக்கும் மனிதர்களையும் சேர்க்க வேண்டும் என்பது இவ்வாய்வின் முதல் பரிந்துரை.

காலை எட்டரைக்கு ஜாப் கார்டு போடப்பட்டது. ஓடிய கிலோமீட்டர், டாங்கில் உள்ள பெட்ரோல், கதவில் உள்ள கீறல் எல்லாம் பதிவாயின. கார் ஓட்டி வந்தவரின் நிலை பதிவாகவில்லை. சர்வீஸ் அட்வைசர், “வேற ஏதாவது கம்ப்ளைன்ட் இருக்கா சார்?” என்றார். நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. விடை தெரிந்தவரே கேட்பது அறிவினா. பாடம் நடத்தும் ஆசிரியர் மாணவனிடம் கேட்பது போல. அட்வைசர் கேட்டது இந்த வகை. வீல் அலைன்மென்ட், பாலன்சிங், ஏசி ஃபில்டர், எஞ்சின் ஆயில் என்று என் காரின் குறைகளை, பானட்டைத் திறக்குமுன்பே அவர் அறிந்திருந்தார்.

3. பிரிவின் வகை

பழைய இலக்கணத்தில் தலைவன் ஓதுவதற்காகப் பிரிவான், போருக்காகப் பிரிவான், தூது போகப் பிரிவான், பொருள் தேடப் பிரிவான். காரின் பிரிவு இவற்றில் எதிலும் அடங்காது. இங்கே பிரிந்து போனது கார். தேடப்படுவது என் பொருள். வழிமேல் விழி வைக்கும் பொறுப்பும் பில் கட்டும் பொறுப்பும் ஒருவர் தலையிலேயே விழுவதை முன்னோர் எதிர்பார்க்கவில்லை.

4. எட்டு விடைகளும் ஓர் ஆட்டோ ஸ்டாண்டும்

நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது. பள்ளியில் இதைப் படித்தபோது, எட்டும் ஒருசேர எங்காவது வழக்கில் உண்டா என்ற ஐயம் எனக்கு இருந்தது. பணிமனைக்கு எதிரே உள்ள ஆட்டோ ஸ்டாண்டில் பத்து நிமிடத்தில் அது தீர்ந்தது.

“ஸ்டாண்டுல முதல் வண்டி எது?” என்று கேட்டேன். “அதோ.” இது சுட்டு. அதோவிடம் போய், “ராயப்பேட்டை வருவீங்களா?” என்றேன். “வராது சார்.” இது மறை. இரண்டாமவர், “வடபழனின்னா வரேன்” என்றார். கேட்டதை விட்டு அதற்கு இனமான வேறொன்றைச் சொல்வதால் இனமொழி. மூன்றாமவர், “கேஸ் தீர்ந்துபோச்சு” என்றார். தனக்கு நேர்ந்ததைச் சொன்னதால் உற்றதுரைத்தல். நான்காமவர், “அங்கிருந்து ரிட்டன் சவாரி கிடைக்காது” என்றார். இனி நேரப்போவதைச் சொன்னதால் உறுவது கூறல். ஐந்தாமவரிடம் மீட்டரைச் சுட்டிக்காட்டினேன். 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். “மீட்டர் போடுவீங்களா?” என்றேன். “பெட்ரோல், கேஸ் எல்லாம் அந்த வருஷ விலைக்கே நீங்க வாங்கித் தருவீங்களா?” என்றார். இது வினா எதிர் வினாதல். கேள்வியில் நியாயம் இருந்ததால் என்னிடம் விடை இல்லை. ஆறாமவர், “பேசாம மெட்ரோல போங்க சார்” என்றார். ஏவல். எட்டாவதாகிய நேர் விடை, அதாவது “வரேன்” என்பது, ஏழாமவரிடம் கிடைத்தது. அதைத் தொடர்ந்து வந்த தொகையைக் கேட்டபின் அந்த விடையை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏழு பேரிடமும் நான் பேச்சைத் தொடங்கியது, “வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கேன்...” என்றுதான். ஒருவரும் கேட்கவில்லை. வினாவே இல்லாமல் பிறந்த விடை இது. நன்னூலார் எட்டோடு நிறுத்தியது அவர் குறையன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் யாரும் காரைச் சர்வீஸுக்கு விடவில்லை. ஒன்பதாவது விடைக்குக் ‘கேளாவிடை’ என்று பெயரிட்டு மேலே செல்கிறேன்.

5. வாக்கியத்தின் உறுப்புகள்

கேளாவிடையில் எழுவாய் தோன்றாது. ‘நான்’ மறைந்திருந்து பெருமையை மட்டும் வெளியே அனுப்புகிறது. ‘வண்டி’ என்பதில் ஐ உருபு தொக்கி நிற்கிறது. ‘எனக்கு ஒரு வண்டி உண்டு’ என்ற செய்தியும் உடன் தொக்கி நிற்கிறது. ‘விட்டிருக்கேன்’ கவனத்துக்குரியது. மாட்டை மேய்ச்சலுக்கு விடுகிறோம். பிள்ளையை ஸ்கூலில் விடுகிறோம். விட்டது திரும்பி வரும் என்பது அதன் உட்பொருள். பஸ் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கும்போதும், ‘இந்நிலை தற்காலிகம்’ என்று ஊருக்கு அறிவிக்க இதைவிடச் சிக்கனமான வினைமுற்று தமிழில் இல்லை.

6. ஊர்திதோறும் வழங்குமுறை

ஷேர் ஆட்டோ: ‘இன்னும் ஒரு ஆள் உக்காரலாம்’ என்ற தேற்றத்தின்மேல் எழுந்த ஊர்தி. அந்த ஒருவர் ஏறிய பிறகும் தேற்றம் பொய்ப்பதில்லை என்பதே அதன் அழகு. கிண்டி ரயில் நிலையம் வரை பக்கத்துப் பயணியின் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு கேளாவிடையைச் சொன்னேன். “அப்படியா? கொஞ்சம் நேரா பிடிங்க, சாம்பார் இருக்கு” என்றார்.

மெட்ரோ: கிண்டியிலிருந்து ஆறாவது நிலையம் ஆயிரம் விளக்கு. சின்னமலை வரை மேலே போகும் ரயில், சைதாப்பேட்டைக்குள் பூமிக்கடியில் போய்விடுகிறது. அண்ணா சாலை நெரிசலில் தினமும் நான் வசைபாடியபடி கடக்கும் தூரத்தை அதற்கு நேர்கீழே சத்தமில்லாமல் கடந்தேன். இங்கே யாரும் யாரிடமும் பேசுவதில்லை. கேளாவிடைக்கு ஆள் கிடைக்காமல், எஸ்கலேட்டரில் ஏறும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பேருந்து: மாலை, ராயப்பேட்டையில் 21ஜி. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. ஆகவே என்னைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் கவலையின்றி இருந்தார்கள். நான் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டியபடி, “வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கேன், அதான் சில்லறை...” என்றேன். கண்டக்டர், “வண்டி வந்ததும் அதுல சில்லறை வாங்கிட்டு வாங்க. இப்ப எறங்குங்க” என்றார். பின் சீட்டில் இருந்த அம்மாள் ஒருவர் சில்லறை மாற்றிக் கொடுத்தார். காரில் போன இத்தனை ஆண்டுகளில் எனக்கு யாரும் ஐந்நூறுக்குச் சில்லறை தந்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

மின்சார ரயில்: நாலு மணிக்கு மேல் அழைப்பு வந்தது. “நாளைக்குக் காலையில ரெடி ஆயிடும் சார்.” எனவே கிண்டியிலிருந்து பழவந்தாங்கல், இரண்டே நிலையங்கள், ஐந்து ரூபாய் டிக்கெட். 1931 முதல் மின்சாரத்தில் ஓடும் இந்தத் தடத்தில் கேளாவிடைக்கு மரியாதை சுத்தமாக இல்லை. எதிரே வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவரிடம் சொன்னேன். “நமக்கு அந்தத் தொல்லையே இல்ல சார்” என்று கொஞ்சம் கடலையை என் கையில் போட்டார். அவர் குரலில் பொறாமை இருக்கிறதா என்று கூர்ந்து கேட்டேன். இல்லை.

7. கருதுகோளும் ஐயமும்

புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது தர்க்க நூலார் முடிபு. அவ்வாறே, ‘வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கேன்’ என்னும் வாக்கியம் எங்கெல்லாம் எழுகிறதோ, அங்கெல்லாம் ஏதோ ஒரு பணிமனையில் ஒரு வண்டி உண்டு. இதுவே என் கருதுகோள்.

இதற்கு எதிராக ஒரு சான்று கிடைத்தது. எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவு நண்பர் போன தீபாவளியிலிருந்து மெட்ரோவில் வருகிறார். யார் கேட்டாலும், “வண்டி சர்வீஸ்ல இருக்கு” என்பார். எந்த வண்டிக்கும் இத்தனை மாதம் சர்வீஸ் நடப்பதில்லை. வியாழன் மதியம் டீக்கடையில் அவரிடம் கேட்டுவிட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “காரை வித்து எட்டு மாசம் ஆச்சு. ஆனா வித்துட்டேன்னு சொன்னா, என்ன கஷ்டம்னு கேக்கறாங்க” என்றார். இதை ஒரு விதிவிலக்கு என்று குறித்துக்கொண்டு, கருதுகோளைக் கைவிடாமல் வைத்திருந்தேன்.

8. முடிவு

வெள்ளி காலை கார் கிடைத்தது. எஸ்டிமேட்டுக்கும் பில்லுக்கும் இடையே, தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே உள்ள அளவு தூரம் இருந்தது. காரைக் கழுவித் துடைத்து, காலடியில் காகிதம் விரித்துக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை சாவியைக் கையில் எடுத்தேன். அண்ணா சாலை நினைவுக்கு வந்தது. அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்கிங் தேடும் அரைமணி நேரம் நினைவுக்கு வந்தது. வேர்க்கடலையும் நினைவுக்கு வந்தது என்பதை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, டிபன் பாக்ஸோடு ஸ்டேஷனைப் பார்க்க நடந்தேன்.

எதிர்வீட்டு மாமா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினாரே தவிர, ஒன்றும் கேட்கவில்லை.

“வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கேன் மாமா” என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குமேலே, திறந்த கேட்டுக்குள் காலை வெயிலில் பளபளத்து நின்றதைப் பார்த்தார்.

“எந்த வண்டிப்பா?” என்றார்.

அறிவினா.