மூணு வருஷ அடைப்பு

ஃபிரீமான்ட், கலிபோர்னியா

அன்புள்ள அம்மாவுக்கு,

"வீடு வாங்குறது இருக்கட்டும், முன்னாடி அதுல இருந்தவுக என்ன ஆனாக?" என்று போனில் கேட்டாயே, பக்கத்தில் உன் மருமகள் இருந்ததால் விவரமாகச் சொல்ல முடியவில்லை.

அந்த வீட்டுப் பெரியவர் அங்கேயே தூக்கத்தில் போய்விட்டார். தொண்ணூறைத் தாண்டிய கல்யாணச் சாவு. நான் துப்புத் துலக்கவில்லை, விற்கிறவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இங்கே சட்டம் அப்படி. நாம் விலை கேட்கிற தேதிக்கு முந்தின 3 வருஷத்துக்குள் வீட்டில் யாராவது இறந்திருந்தால் சொல்லிவிட வேண்டும். அதற்கும் முந்தின சாவென்றால் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. நாமே வாய்விட்டுக் கேட்டால் மட்டும் பொய் சொல்லக் கூடாது.

நம்ம ஊர் ஐயர், அவிட்டம் முதல் ரேவதி வரைக்கும் அஞ்சு நட்சத்திரத்தில் போனால்தான் ஆறு மாசம் அடைப்பு என்பார். இங்கே நட்சத்திரமே பார்ப்பதில்லை, யார் போனாலும் 3 வருஷ அடைப்பு. கெடு முடிவதற்கு முந்தின நாள் விலை பேசினால் ஆவி வீட்டில் இருக்கிறது. ரெண்டு நாள் கழித்துப் பேசினால் பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டது. லீப் வருஷத்தில் ஒரு நாள் கூடத் தங்குமா என்று ஏஜெண்டம்மாவிடம் கேட்டேன். சிரிக்காமல், வக்கீலைக் கேட்டுச் சொல்வதாக நோட்டில் குறித்துக்கொண்டார்.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் இங்கே ஒரு பெண் 76,000 டாலருக்கு வீடு வாங்கியிருக்கிறார். குடிபோன பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர், பத்து வருஷம் முன்பு அங்கே ஒரு தாயும் நாலு பிள்ளைகளும் கொலையானதைச் சொன்னாராம். 65,000க்கு மேல் பெறாது என்று வழக்குப் போட்டார். கொலையால் விலை இறங்கியதை நிரூபித்தால் வழக்கு நிற்கும் என்று 1983இல் மேல்கோர்ட்டு சொல்லிவிட்டது. இதைப் படித்த உன் மருமகள், நமக்கும் பதினோராயிரம் குறைக்கச் சொல்லுங்க என்றாள். கல்யாணச் சாவுக்குத் தள்ளுபடி கிடையாதாம்.

சாவு மட்டுமில்லை, அக்கம்பக்கத்துச் சத்தத்தைக்கூட எழுதிக் கொடுக்க வேண்டும். நம்ம வீட்டுக்கென்றால் கஜா புயலில் ஓடு பறந்தது, விடியுமுன்னே மீன் வண்டி போடுகிற ஹாரன், சித்தி வீட்டுச் சண்டை என்று ஒரு குயர் நோட்டு பத்தாது. இந்தக் குறை ஒன்றுமே இல்லாத வீட்டுக்குத்தான் நான் முப்பது வருஷம் கடன் கட்டப் போகிறேன்.

இந்த ஊர்க் கணக்குப்படி நம்ம வீட்டில் ஐயாவும் அப்பத்தாவும் எப்போதோ கழிந்துவிட்டார்கள். அப்பா மட்டும் இன்னும் இருக்கிறார். ஆனால் நம்ம வீட்டை விலைக்குக் கேட்டு, சித்தப்பா கூட்டி வந்த மணமேல்குடிக்காரர் அப்பாவைப் பற்றியா கேட்டார்? வாரிசுச் சான்றிதழ் வாங்கியாச்சா, வில்லங்கம் போட்டுப் பார்த்தீகளா, அமெரிக்காக்காரன் கையெழுத்துப் போடுவானா, இதுதானே? செத்தவருக்கு நம்ம ஊரில் எவன் பயந்தான்? உயிரோடிருக்கிற பங்காளிக்குத்தான் பயம்.

பவர் எழுதி, சான்பிரான்சிஸ்கோ இந்தியத் துணைத் தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பினால் போதும் என்கிறார் சித்தப்பா. போதும்தான். ஆனால் அனுப்ப மாட்டேன். கையெழுத்துப் போட நானே வருகிறேன். அப்பா கட்டிலில் நாலு நாள் படுத்து எழுந்துவிட்டு, விற்பதா வேண்டாமா என்று பேசிக்கொள்ளலாம். அதுவரைக்கும் மணமேல்குடிக்காரரிடம் ஒரு ரூபாய் அட்வான்ஸ் வாங்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் மகன்