மௌனம் கேட்கப் போகிறவர்

“மௌனத்தைக் கேட்கப் போறேங்க” என்று சொல்லிவிட்டு, டிசம்பர் கடைசி வாரத்துக்கு ஜெய்சல்மேருக்கு ஒருவர் டிக்கெட் போட்டால், அவர்தான் நம் ஆள். அந்த வாரம் பாதி இந்தியா அங்கேதான் இருக்கும் என்று யாராவது சொன்னாலும் அசைய மாட்டார். கூட்டம் என்பது மற்றவர்கள். அதில் தாம் சேர்த்தியில்லை என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

புறப்படும் முன்பே ஆள் பாலைவனவாசியாகிவிடுவார். கணுக்காலுக்கு மேல் ஏறும் காலணி, எட்டுப் பை வைத்த கால்சட்டை, கழுத்தில் அரபுத் துண்டு. எடுத்து வைக்க மறப்பது ஸ்வெட்டரை மட்டும்தான். தார் பாலையில் பகலெல்லாம் வாங்கிய சூட்டை மணல் பொழுது சாய்ந்ததுமே விட்டுவிடும். பிடித்து வைக்க மேகமோ ஈரமோ கிடையாது. ஜனவரி இரவுகளில் குளிர் சில சமயம் பூஜ்ஜியத்தை நெருங்கும். கூடார வாசலில் நின்று மனைவி கூப்பிடுவார்: “என்னங்க, நட்சத்திரம் பாக்க வரலையா?” இரண்டு ரஜாய்க்கு அடியிலிருந்து பதில் வரும்: “நீ பாத்துட்டு வந்து சொல்லு.”

ஜெய்சல்மேர் கோட்டை 1156-ல் ராவல் ஜெய்சல் எழுப்பியது. மாலை வெயில் பட்டால் அந்த மஞ்சள் கல் பொன்னாகும். சத்யஜித் ராய் 1974-ல் இங்கே ‘சோனார் கெல்லா’ படம் எடுத்த பிறகு வங்காளிகள் அதை ஒரு தலயாத்திரையாகவே ஆக்கிக்கொண்டார்கள். கோட்டைக்குள் இன்றும் குடித்தனங்கள் இருக்கின்றன. நம்மவருக்குக் கோட்டை பிடிக்கும், குடித்தனம்தான் பிடிக்காது. “உலகப் பாரம்பரியச் சின்னத்துல கொடி கட்டித் துணி காயப் போட்டிருக்காங்க பாருங்க!” வீடென்று இருந்தால் துணி காயத்தானே செய்யும்? அவர் படத்தில் மட்டும் காயாது. கொடி விலகும் கோணம் கிடைக்கும்வரை தெருவை மறித்துக்கொண்டு நிற்பார். அந்த வீட்டுப் பாட்டி தண்ணீர்க் குடத்தோடு பொறுமையாகக் காத்திருப்பாள்.

ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் சாம் மணல்மேடுகள். நாடகத்தின் பெரிய காட்சி இங்கேதான். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் நிமிர்த்தும். மேலே இருப்பவரைச் செம்புத் தண்ணீர் மாதிரி முன்னால் கவிழ்க்கப் பார்க்கும். “பீச்சே, சாப், பீச்சே!” என்று ஒட்டகக்காரர் கத்துவார். பின்னால் சாயச் சொல்கிறார் என்பது நம்மவருக்குப் புரிவதற்குள், ஒட்டகத்தின் கழுத்தை இரு கைகளாலும் தழுவிக்கொண்டிருப்பார். பிறகு அந்தப் படத்துக்குத் தலைப்பு வைப்பார்: ‘நானும் என் நண்பனும்’.

நிலைக்கு வந்ததும், ஒட்டகம் எத்தனை நாள் தண்ணீரில்லாமல் இருக்கும் என்று விசாரிப்பார். ஒட்டகக்காரர் எப்படிப் பிழைக்கிறார் என்று விசாரிக்க மாட்டார். 2012-ல் நாட்டில் நான்கு லட்சமாக இருந்த ஒட்டகம், 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சமாகக் குறைந்துவிட்டது. பாரம் இழுக்க டிராக்டர் வந்த பிறகு அதற்கு வேலை ஏது? மிச்சமிருக்கும் வேலைகளில் ஒன்று, நம்மவரைச் சுமப்பது.

சூரியன் மறையும் நேரத்தில் கால்தடமே படாத மணல்மேடு ஒன்று அவருக்கு வேண்டும். அதைத் தேடி அவர் நடக்க நடக்க, கால்தடமில்லாத மணல்மேடு குறைந்துகொண்டே வரும். ஜீப் உறுமல், டீக்காரர், சிப்ஸ் பொட்டலம் விற்கும் பையன், அவரைப் போலவே தனிமை தேடி வந்த முந்நூறு பேர்; எல்லாரையும் ஓரமாக வெட்டிவிட்டு ‘நானும் வெறுமையும்’ என்று போடுவார். உலகத்திலேயே ஜன நெருக்கம் மிகுந்த பாலைவனங்களில் தார் முன்வரிசையில் நிற்பது. அங்கே போய் வெறுமையைப் படம் எடுக்கத் தனித் திறமை வேண்டும். அதை அவருக்கு மறுக்க மாட்டேன்.

இரவு விருந்தில் கேர் சாங்கிரி வரும். சாங்கிரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். 1730-ல் கேஜட்லி கிராமத்தில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் அந்த மரங்களை வெட்டவிடாமல் கட்டிக்கொண்டு உயிரை விட்டார்கள். நம்மூர்க் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னியும் அதே மரம்தான். “இதெல்லாம் நம்ம பக்கம் கிடைக்குமா!” என்று உருகுவார், அவர் தினமும் பைக் நிறுத்துவது கோயில் வன்னி நிழலில். மறுநாள் காலை பெட்டியின் அடியிலிருந்து புளிக்காய்ச்சல் பாட்டில் வெளியே வரும்.

ஊர் திரும்பியதும் உபதேசம் ஆரம்பம். “சாம் சுத்த வியாபாரமாயிடுச்சு. குரி மணல்மேட்டுக்குப் போங்க, ஒருத்தர் இருக்க மாட்டாங்க” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் ரகசியம் சொல்வார். அவரையும் அடக்க ஓர் ஆள் உண்டு: ஜோர்டான் வாடி ரம் போய் வந்தவர். “‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ எடுத்த இடம் சார்” என்று அவர் தொடங்கினால், நம்மவர் காபி கொண்டுவர உள்ளே எழுந்து போய்விடுவார்.

நீங்கள் போவதானால் ஒரு வேண்டுகோள். முகாமில் மாங்கணியார்கள் பாடுவார்கள். தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திரக் குடும்பங்களுக்குப் பாடிவரும் முஸ்லிம் கலைஞர்கள். அவர்களில் ஒருவரான சாகர் கான், கமைச்சா வாத்தியத்துக்காக 2012-ல் பத்மஸ்ரீ பெற்றார். நம்மவர் ‘கேசரியா பாலம்’ கேட்டு, அரை நிமிடம் படம் பிடித்து, டிஜே பக்கம் நகர்ந்துவிடுவார். நீங்கள் நகராதீர்கள். குழந்தை பிறந்ததற்கும் கல்யாணத்துக்கும் அவர்களிடம் தனித்தனிப் பாட்டு இருக்கிறது. அதைக் கேளுங்கள், கேட்டுவிட்டுப் பணத்தைக் கலைஞர் கையிலேயே கொடுங்கள்.